சீலியாக் நோய்: எல்லாக் குழந்தைகளுக்கும் ரத்தப் பரிசோதனை தேவையா?

கோதுமையில் இருக்கும் குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படுவதுதான் சீலியாக் நோய். அறிகுறி தெரிவதற்கு முன்பே அதை எல்லாக் குழந்தைகளிடமும் தேடிப் பார்க்கலாமா என்ற விவாதம் இப்போது பல நாடுகளில் நடக்கிறது. இத்தாலி சட்டமே கொண்டுவந்துவிட்டது. வேறு பல நாடுகள் யோசித்துக்கொண்டிருக்கின்றன. வாசகர்களின் கேள்விகளுக்குக் குழந்தைகள் குடல்நல மருத்துவர்களும் உணவியல் வல்லுநர்களும் இங்கே பதில் தருகிறார்கள்.

என் மகளுக்கு 6 வயது. நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓடி ஆடுகிறாள். பள்ளியில் எல்லாக் குழந்தைகளுக்கும் சீலியாக் ரத்தப் பரிசோதனை என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஒரு குறையும் இல்லாத குழந்தையை ஏன் ஊசியால் குத்த வேண்டும்?

சீலியாக் ஒவ்வாமை அல்ல, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்பையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய். கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் உள்ள குளூட்டன் புரதத்தை, மரபணு வாகு உள்ள சிலருடைய உடல் எதிரியாக எடுத்துக்கொள்கிறது. அடி விழுவது சிறுகுடலின் உட்சுவரில். சத்தை உறிஞ்ச வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. தேய்மானம் பெரும்பாலும் சிறுகுடலின் மேல்பகுதியில்தான் அதிகம். இரும்பும் கால்சியமும் உறிஞ்சப்படுவதும் அங்கேதான். அதனால் வயிற்றுப்போக்கே இல்லாமல், மாத்திரை கொடுத்தும் ஏறாத ரத்தசோகையாக மட்டும் நோய் இருந்துவிடும். சில பிள்ளைகளிடம் உயரம் கூடாமல் நிற்பது, மலச்சிக்கல், அடிக்கடி வாய்ப்புண், நிலைத்த பற்களின் எனாமலில் குறை, கல்லீரல் என்சைம் காரணம் தெரியாமல் உயர்ந்திருப்பது, பருவமடைதல் தள்ளிப்போவது என்று தெரியும். இவற்றை வைத்துச் சீலியாக்கைச் சந்தேகிப்பவர்கள் குறைவு.

எத்தனை குழந்தைகள் இப்படித் தப்புகிறார்கள் என்று பள்ளிகளிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1990-களில் இத்தாலியில் 17,201 மாணவர்களைச் சோதித்தபோது, நோய் ஏற்கெனவே தெரிந்த ஒரு குழந்தைக்குத் தெரியாத குழந்தைகள் 7 பேர் இருந்தார்கள். மருத்துவர்களிடம் விழிப்புணர்வு கூடிய பிறகு, அண்மையில் அதே நாட்டில் செய்த ஆய்விலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் கண்டுபிடிக்கப்படாமலே இருந்தார்கள். அங்கே மொத்தத்தில் நூற்றுக்கு 1.65 குழந்தைகளுக்கு நோய் இருந்தது. சுவீடனில் 1993-இல் பிறந்த 12 வயதுப் பிள்ளைகளைச் சோதித்ததில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேருக்கு இருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது.

சுவீடன் ஆய்வில் இன்னொன்றும் செய்தார்கள். முடிவு தெரிவதற்கு முன்பே பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் அறிகுறிகளைக் கேட்டு எழுதிவைத்தார்கள். பிறகு ஒப்பிட்டபோது, நோய் இருந்த பிள்ளைகளையும் இல்லாத பிள்ளைகளையும் அந்தப் பதில்களைக் கொண்டு பிரிக்க முடியவில்லை. வயிற்றுவலியும் சோர்வும் இரு தரப்பிலும் இருந்தன. 'ஒரு குறையும் இல்லை' என்பது ஆறுதல்தான், ஆனால் சோதனைக்கு அது மாற்றாகாது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 6 வயதுக் குழந்தைகளைச் சோதித்தபோது, வெளிப்படையான தொந்தரவு இல்லாமலே சீலியாக் ஆன்டிபாடி (நோயின் தடயமாக ரத்தத்தில் தெரியும் எதிர்ப்புப் புரதம்) இருந்தவர்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைவாக இருந்தது.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடுமுன் ஏற்பாட்டாளர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள். சீலியாக் ஆன்டிபாடியைத் தேடும் டிடிஜி-ஐஜிஏ சோதனையோடு, ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகை ரத்தத்தில் மொத்தம் எவ்வளவு என்ற மொத்த ஐஜிஏ அளவும் பார்க்கிறார்களா? பாசிட்டிவ் வந்தால் யார், எத்தனை வாரத்தில் உறுதிப்படுத்துவார்கள்? நோய் உறுதியானால் உணவியல் வல்லுநரைப் பார்க்க ஏற்பாடு உண்டா? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் தயங்காமல் அனுமதியுங்கள். முடிவைக் காகிதத்தில் அச்சடித்துக் கையில் கொடுப்பதோடு முடிந்துவிடும் முகாம் என்றால், அதைவிட உங்கள் குழந்தை நல மருத்துவரிடம் சோதித்துக்கொள்வது நல்லது.

ஒரு நாடு சட்டம் போடுகிறது, இன்னொரு நாடு ஆதாரம் இல்லை என்கிறது. பொது சுகாதாரம் படிக்கும் எனக்கே குழப்பமாக இருக்கிறது. உண்மையில் எது சரி?

இரண்டு தரப்பும் ஒரே ஆய்வுகளைத்தான் படிக்கிறார்கள். கேட்கும் கேள்விதான் வேறு.

அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2017-இல் சொன்னது இதுதான்: அறிகுறி இல்லாதவர்களைச் சோதிப்பதால் வரும் நன்மையையும் தீமையையும் எடைபோடத் தற்போதைய ஆதாரம் போதாது. 'செய்யாதே' என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் எதிர்பார்ப்பது, ஒரு பகுதிக் குழந்தைகளைச் சோதித்து, இன்னொரு பகுதியினரைச் சோதிக்காமல் விட்டு, பல ஆண்டுகள் கழித்து இரு தரப்பின் உடல்நலத்தையும் ஒப்பிடும் ஆய்வு. அப்படி ஒன்று இல்லை. இருப்பவற்றில் வலுவானது பின்லாந்தில் நடந்த ஒரு சிறு ஆய்வு. நோயாளிகளின் உறவினர்களில், தொந்தரவு எதுவும் இல்லை என்று சொன்ன, ஆன்டிபாடி பாசிட்டிவான 40 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் குளூட்டன் இல்லா உணவு, இன்னொரு பிரிவுக்கு வழக்கமான உணவு. உணவு மாற்றியவர்களுக்குக் குடல் சுவரும் தேறியது, தாங்கள் அறியாமலே இருந்த வயிற்றுத் தொந்தரவும் குறைந்தது. ஆனால் அவர்கள் பெரியவர்கள், குழந்தைகள் அல்ல.

உலக சுகாதார நிறுவனத்துக்காக 1968-இல் வில்சனும் யுங்னரும் வகுத்த பத்து அளவுகோல்களை நீங்கள் படித்திருப்பீர்கள். சீலியாக் அவற்றில் பலவற்றில் தேறிவிடும். பரவலான நோய், எளிய சோதனை, பயன் தரும் சிகிச்சை, வெளியே தெரியாமல் இருக்கும் நீண்ட காலம் எல்லாம் உண்டு. இடிக்கும் இடம் ஒன்று: விட்டுவிட்டால் யாருக்கு மோசமாகும், யாருக்குத் தானே அடங்கும் என்று ஒரு குழந்தையைப் பார்த்து இன்னும் சொல்ல முடியவில்லை.

இத்தாலியின் 130-ஆம் எண் சட்டம் 2023 செப்டம்பர் 15 தேதியிட்டது. 1 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்குச் சீலியாக், முதல் வகை நீரிழிவு இரண்டையும் சேர்த்துத் தேடச் சொல்கிறது. முன்னோட்டமாக லொம்பார்டி, மார்க்கே, கம்பானியா, சார்டீனியா ஆகிய நான்கு மாநிலங்களில் 2, 6, 10 வயதுக் குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள். இரண்டு நோயையும் சேர்த்ததில் பொருள் இருக்கிறது. இரண்டுக்கும் மரபணு வாகு ஓரளவு பொது, ஒரே ரத்த மாதிரி போதும். அமெரிக்காவின் கொலராடோவிலும் இதே சேர்க்கையில் ஒரு திட்டம் நடந்திருக்கிறது. நெதர்லாந்தில் ஒரு பகுதியில் நடுவழி ஒன்றை முயன்றார்கள்: குழந்தை நல மையத்துக்கு வரும் 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளில், சீலியாக்கோடு தொடர்புள்ள ஒரு தொந்தரவாவது இருந்தால் அங்கேயே விரல்நுனி ரத்தத்தில் சோதித்தார்கள். சோதித்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 2 பேருக்கு நோய் இருந்தது.

எங்கள் கருத்தைக் கேட்டால், அபாயம் கூடுதலான குழந்தைகளைச் சோதிப்பதில் விவாதத்துக்கே இடமில்லை. நோயாளியின் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், பெற்றோர், முதல் வகை நீரிழிவு, தன்னெதிர்ப்பு தைராய்டு நோய், டவுன் சிண்ட்ரோம், டர்னர் சிண்ட்ரோம், வில்லியம்ஸ் சிண்ட்ரோம், ஐஜிஏ குறைபாடு உள்ளவர்கள் எல்லோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள். இவர்களே இன்னும் பல இடங்களில் விடுபட்டுப் போவது எங்களை வருத்துகிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் என்பதை, பின்தொடர ஆளும் இடமும் இருக்கும் ஊரில் தொடங்கலாம். அது இல்லாத இடத்தில் ரத்தம் மட்டும் எடுப்பது குழந்தைக்குப் பயன் தராது. நோய் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதும் இல்லை. இந்தியாவில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வில், பெரியவர்களிடம் ஆன்டிபாடி இருந்த விகிதம் முறையே 1.23, 0.87, 0.10 சதவீதம். மரபணு வாகில் பெரிய வேறுபாடில்லை, கோதுமை உண்ணும் அளவில்தான் வேறுபாடு. ஆகவே ஓர் ஊரின் திட்டத்தை அப்படியே இன்னோர் ஊருக்குத் தூக்கிப்போக முடியாது.

சோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று இப்போதே கோதுமையை நிறுத்திவிட்டோம். சரிதானே?

இல்லை. இன்றே மறுபடி கொடுக்கத் தொடங்குங்கள். இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். அக்கறையுள்ள பெற்றோர்தான் இதில் மாட்டுகிறார்கள்.

சோதனை தேடுவது குளூட்டனுக்கு எதிராக உடல் கிளம்பியதன் தடயத்தை. குளூட்டன் வராவிட்டால் ஆன்டிபாடி இறங்கும், குடல் சுவரும் ஆறத் தொடங்கும். அப்போது ரத்தமும் பயாப்ஸியும் (குடல் சுவரில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) 'நோய் இல்லை' என்று பொய் சொல்லும். பிரிட்டிஷ் வழிகாட்டுதல் தரும் அளவு நினைவில் வைக்க எளிது: சோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேற்பட்ட உணவில் குளூட்டன் இருக்க வேண்டும். ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் சுமார் 2 கிராம் குளூட்டன் உண்டு என்பதைக் கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். சில நாள் மட்டும் நிறுத்தியிருந்தால், மறுபடி தொடங்கிவிட்டு, சோதனைத் தேதியை ஆறு வாரத்துக்குத் தள்ளிவைக்கக் கேளுங்கள்.

மாதக்கணக்கில் நிறுத்திவிட்டவர்கள் தாங்களாக மீண்டும் தொடங்கக் கூடாது. மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும், பருவமடையும்போது வேகமாக வளரும் பிள்ளைக்கும் இப்படிக் குளூட்டனை மறுபடி கொடுத்துப் பார்ப்பதைக் கூடியவரை தவிர்க்கிறார்கள். அங்கே மரபணு சோதனை முதலில் வரும். அது நெகட்டிவ் என்றால் மேற்கொண்டு சோதனையே வேண்டாம்.

மற்றபடி வெறும் வயிறு தேவையில்லை, எந்த நேரத்திலும் ரத்தம் எடுக்கலாம். ஊசிக்கு மிகவும் பயப்படும் குழந்தைக்கு மரத்துப்போகும் கிரீமை ஒரு மணி நேரம் முன்பே முழங்கை மடிப்பில் தடவி மூடிவைக்கச் சொல்லிக் கேளுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் தடவினால் பலன் இருக்காது.

8 வயது மகனுக்கு டிடிஜி-ஐஜிஏ 0.4, 'நெகட்டிவ்' என்று வந்திருக்கிறது. அடுத்த வரியில் மொத்த ஐஜிஏ 5 மி.கி./டெ.லி. என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. நெகட்டிவ் என்றால் நிம்மதிதானே?

அந்த இரண்டாவது வரியைக் கவனித்துக் கேட்டது நல்லதாயிற்று. உங்கள் மகனுக்கு இந்தச் சோதனை இன்னும் நடக்கவே இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

டிடிஜி-ஐஜிஏ என்பது ஐஜிஏ வகை ஆன்டிபாடி. உடலில் ஐஜிஏவே உருவாகாத குழந்தைக்கு, சீலியாக் முற்றியிருந்தாலும் அந்த எண் பூச்சியத்தை ஒட்டித்தான் நிற்கும். 3 வயதுக்கு மேல் மொத்த ஐஜிஏ 20 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால் ஐஜிஏ சோதனையை நம்பக் கூடாது. ஐஜிஜி என்ற வேறு ஆன்டிபாடி வகையைப் பார்க்கும் சோதனை ஒன்றுக்கு மாற வேண்டும். டிடிஜி-ஐஜிஜி, டிஜிபி-ஐஜிஜி, ஈஎம்ஏ-ஐஜிஜி ஆகியவற்றில் ஆய்வகத்தில் இருப்பதைச் செய்யலாம். பாசிட்டிவ் வந்தால் இவர்களுக்கு எவ்வளவு உயர்ந்த எண்ணாக இருந்தாலும் பயாப்ஸி தேவை. சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு 2 முதல் 3 பேருக்கு இந்தக் குறைபாடு உண்டு. மற்றவர்களைவிட இவர்களிடம் பல மடங்கு அதிகம். அதனால்தான் மொத்த ஐஜிஏ பார்க்காத முகாமில் வரும் 'நெகட்டிவ்' அரைகுறை என்கிறோம். மிகச் சிறு குழந்தைகளுக்கு ஐஜிஏ இயல்பாகவே குறைவாக இருக்கும், ஆகவே வயதுக்கான அளவோடு ஒப்பிட வேண்டும்.

டிடிஜி-ஐஜிஏ ஒரு ஆய்வகத்தில் 60, இன்னொன்றில் 230 என்று வந்திருக்கிறது. இரண்டு மாத இடைவெளியில் நோய் நான்கு மடங்கு கூடிவிட்டதா?

இரண்டு ஆய்வகத்தின் எண்களை நேராக ஒப்பிடவே கூடாது. ஒவ்வொரு கிட்டுக்கும் அலகும் எல்லையும் வேறு. ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் இயல்பு எல்லையைப் பாருங்கள். எல்லை 7, எண் 60 என்றால் 8.6 மடங்கு. எல்லை 20, எண் 230 என்றால் 11.5 மடங்கு. வித்தியாசம் நீங்கள் நினைத்த அளவு இல்லை.

ஆனால் இந்த வித்தியாசத்துக்குள் ஒரு முக்கியமான கோடு இருக்கிறது. குழந்தைகளுக்கான ஐரோப்பியக் குடல்நல அமைப்பின் 2020 வழிகாட்டுதல்படி, டிடிஜி-ஐஜிஏ எல்லையைப் போல 10 மடங்கோ மேலோ இருந்து, வேறொரு நாள் எடுத்த இரண்டாவது ரத்தத்தில் ஈஎம்ஏ என்ற இன்னொரு சீலியாக் ஆன்டிபாடி சோதனையும் பாசிட்டிவ் என்றால், பெற்றோருடன் பேசி, பயாப்ஸி இல்லாமலே நோயை உறுதி செய்யலாம். அறிகுறி இல்லாத குழந்தைக்கும் இது பொருந்தும், ஆனால் சாதக பாதகங்களைச் சொல்லி இருவரும் சேர்ந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். இரண்டாவது ரத்தம் ஏன் தனியாக எடுக்க வேண்டும்? முதல் குழாயில் பெயர் ஒட்டியதிலேயே பிழை நடந்திருந்தால் அதே குழாயை மறுபடி சோதித்து என்ன பயன்? ஆயுள் முழுவதுக்குமான உணவு மாற்றத்தை ஒரே குழாயை நம்பித் தொடங்கக் கூடாது.

10 மடங்குக்குக் கீழே என்றால் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து பயாப்ஸி எடுப்பார்கள். முன்சிறுகுடலின் கீழ்ப்பகுதியில் குறைந்தது 4 துண்டு, தொடக்கத்தில் உள்ள பல்ப் பகுதியில் குறைந்தது 1. பாதிப்பு திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால் ஒரே இடத்தில் எடுத்தால் தவறிவிடும். எடுத்த துண்டைச் சரியான வாகில் வைத்து வெட்டாமல் சாய்வாக வெட்டிவிட்டாலும், நல்ல குடலுறிஞ்சிகள் குட்டையாகத் தெரியும். ரத்தமும் பயாப்ஸியும் ஒத்துப்போகாவிட்டால், பயாப்ஸித் துண்டுகள் வைத்த கண்ணாடித் தகடுகளை இன்னொரு நோய்க்குறியியல் வல்லுநரிடம் காட்டச் சொல்லுங்கள். மறுபடி எண்டோஸ்கோபி செய்வதற்கு முன் இது முதலில் நடக்க வேண்டும்.

முகாமில் 'பாசிட்டிவ்' வந்தாலே நோய்தானா?

இல்லை, இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு ஒருவருக்கு நோய் உள்ள ஓர் ஊரில் 10,000 குழந்தைகளைச் சோதிக்கிறோம். நோயுள்ள 100 பேரில் 95 பேரைச் சோதனை பிடிக்கிறது என்றும், நோயில்லாதவர்களில் 98 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடுகிறது என்றும் கொள்வோம். நோயில்லாத 9,900 பேரில் மீதமுள்ள 2 சதவீதம், அதாவது 198 பேர், தவறாகப் பாசிட்டிவ் ஆவார்கள். ஆக மொத்தம் 293 பாசிட்டிவ், அவர்களில் உண்மையான நோயாளிகள் 95 பேர், மூன்றில் ஒருவர்தான். சோதனை மோசம் என்பதல்ல இதன் பொருள். பெரும்பாலோர் நலமாக உள்ள கூட்டத்தில் தேடும்போது எந்தச் சோதனைக்கும் இதுதான் நிலை. தவறான பாசிட்டிவ்கள் பெரும்பாலும் எல்லையை ஒட்டிய சிறு எண்களில்தான் குவியும். எண் எவ்வளவு உயரமோ, நோய் இருக்கும் வாய்ப்பும் அவ்வளவு கூடும்.

எல்லையைச் சற்றே தாண்டிய எண் என்றால், வழக்கம்போல் சாப்பிட வைத்து, மூன்று முதல் ஆறு மாதத்தில் அதே ஆய்வகத்தில் மறுபடி பார்ப்பார்கள். இந்த இடைவெளியில் 'எதற்கும்' என்று கோதுமையை நிறுத்திவிட்டால், இரண்டாவது எண் இறங்குவது நோய் இல்லாததாலா, உணவை நிறுத்தியதாலா என்று யாராலும் சொல்ல முடியாமல் போய்விடும்.

ஆன்டிபாடி இருக்கிறது, பயாப்ஸி இயல்பாக இருக்கிறது. ஒரு மருத்துவர் இப்போதே உணவை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் காத்திருக்கச் சொல்கிறார். நாங்கள் என்ன செய்வது?

இதை 'உள்ளுறை சீலியாக்' நிலை என்கிறார்கள். அறிகுறி இல்லாதவர்களைத் தேடும் திட்டம் எதுவானாலும் இந்த நிலையில் உள்ள குழந்தைகள் கூடுதலாக அகப்படுவார்கள். இத்தாலியில் இப்படிப்பட்ட 340 குழந்தைகளைச் சேர்த்து, அவர்களில் பெரும்பாலோரைக் குளூட்டன் உண்ணவிட்டபடியே 12 ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். 12 ஆண்டுக்குள் குடலுறிஞ்சிகள் தேயும் வாய்ப்பு 43 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். 32 சதவீதத்தினருக்கு ஆன்டிபாடி தானே மறைந்தது. மீதிப் பேர் அப்படியே நடுவில் நின்றார்கள்.

ஆகவே இரு மருத்துவர்களும் தவறில்லை. குழந்தைக்கு ரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு, தொடரும் வயிற்றுத் தொந்தரவு எதுவும் இருந்தால் உணவை மாற்றிப் பார்ப்பதில் நியாயம் உண்டு. எதுவும் இல்லை என்றால் நாங்கள் காத்திருப்பதையே விரும்புவோம். காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடை, ரத்தப்பரிசோதனை, தேவைப்பட்டால் மறு பயாப்ஸி என்று தேதி குறித்துக்கொண்டு போக வேண்டும். ஒரு வருகையைத் தவறவிட்டாலே பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து. பின்தொடர முடியாத சூழல் என்றால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், முடிவு அதற்கேற்ப மாறும்.

ஊசியே வேண்டாம், கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி மரபணு பார்த்தால் போதாதா?

இல்லை என்று சொல்வதற்கு அது சிறந்த சோதனை, ஆம் என்று சொல்ல உதவாது. நோய்க்கு இடம் தரும் மரபணு வகைகளான எச்எல்ஏ டிகியூ2, டிகியூ8 இரண்டும் இல்லாதவருக்குச் சீலியாக் வருவது மிக மிக அரிது. இருப்பவர்களோ மக்கள்தொகையில் 30 முதல் 40 சதவீதம், அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வரும். மரபணு இருக்கிறது என்ற காகிதத்தோடு கோதுமையை நிறுத்தும் குடும்பங்கள் தேவையில்லாத சுமையைச் சுமக்கிறார்கள். பெரிய திட்டங்களுக்கு வேறு பயன் உண்டு: ஒரே முறை பார்த்து பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை நிரந்தரமாகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால், அடுத்தடுத்த ரத்தப்பரிசோதனை அவர்களுக்கு வேண்டாம்.

கடையில் விற்கும் விரல்நுனி கிட்? 'உணவு ஒவ்வாமை' என்று நூறு உணவுகளுக்குப் பட்டியல் தரும் சோதனை?

விரல்நுனி கிட் பயிற்சி பெற்றவர் கையில் முதல் வடிகட்டியாக உதவும். ஆனால் ஆய்வகச் சோதனையைவிடத் தவறவிடுவது அதிகம். அறிகுறி உள்ள குழந்தைக்குக் கிட் நெகட்டிவ் என்றால் அத்தோடு நிற்காதீர்கள். நூறு உணவுப் பட்டியல் ஐஜிஜி சோதனைக்குச் சீலியாக்கைக் கண்டறியும் திறன் கிடையாது. அதை வைத்து எந்த உணவையும் நிறுத்த வேண்டாம்.

கைக்குழந்தைக்குக் கோதுமையை ஒரு வயது வரை தள்ளிப்போட்டால் நோயைத் தடுக்கலாமா?

முடியாது. 2014-இல் வெளிவந்த இரண்டு பெரிய ஐரோப்பிய ஆய்வுகள் இதைத்தான் பார்த்தன. முன்னதாகக் கொடுத்தாலும் தள்ளிப்போட்டாலும் பள்ளி வயதில் நோய் வரும் விகிதம் மாறவில்லை, தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுத்ததும் மாற்றவில்லை. 4 மாதம் நிறைந்த பிறகு 12 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், ஆரம்ப வாரங்களில் அளவு அதிகம் வேண்டாம் என்பதே இப்போதைய ஆலோசனை.

மகளுக்கு நோய் உறுதியாகிவிட்டது. கோதுமையை நிறுத்திவிட்டோம், ஆறு மாதம் கழித்தும் டிடிஜி இன்னும் இயல்புக்கு வரவில்லை. உணவு சரியில்லையா?

முதலில் எண் இறங்கும் திசையைப் பாருங்கள். தொடக்கத்தில் மிக உயர்ந்திருந்த எண் இயல்புக்கு வர ஓராண்டு, ஈராண்டுகூட ஆகும். சீராக இறங்கிக்கொண்டிருந்தால் உணவு சரிதான். இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ எங்கோ குளூட்டன் நுழைகிறது.

நுழையும் இடங்கள் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஒரே டோஸ்டரில் இரண்டு வகை ரொட்டியும் போடுவது. ஒரே மாவுச் சல்லடை. சாதாரண பாஸ்தா வெந்த தண்ணீரிலேயே குளூட்டன் இல்லாததையும் வேகவைப்பது. கோதுமை ரொட்டியில் தடவிய கத்தியை மறுபடி வெண்ணெய் டப்பாவில் விடுவது. லேபிளில் 'மால்ட்' என்று இருந்தால் அது வாற்கோதுமை, சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். ஓட்ஸ் தன்னளவில் பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடும் என்பதால் குளூட்டன் இல்லை என்று சான்றளித்த ஓட்ஸ் மட்டும். சிறு குழந்தைகள் விளையாடும் பிசைமாவு சிலவற்றில் கோதுமை உண்டு, விளையாடியபின் கை கழுவ வேண்டும், வாயில் வைக்கும் வயது என்றால் மாற்று வாங்க வேண்டும்.

ஒரு நாளில் 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து போனால் குடல் பாதிக்கும் என்று ஆய்வு காட்டுகிறது. ஒரு துண்டு ரொட்டியில் 2 கிராம் என்றோமே, அதில் நாற்பதில் ஒரு பங்குதான் இது, மேசையில் சிந்தும் துகள்கள் அளவு. 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட, சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த வரம்பு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். இந்த வரம்புக்குள் உள்ள உணவை நாள் முழுவதும் சாப்பிட்டாலும் 50-ஐ எட்டுவது கடினம்.

நோய் உறுதியான காலத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமித்துள்ள இரும்பின் அளவு), வைட்டமின் டி, தைராய்டு, கல்லீரல் என்சைம் பார்த்திருக்க வேண்டும். விடுபட்டிருந்தால் கேளுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருந்தாலும் சீலியாக் குழந்தைகள் பலரிடம் எதிர்ப்புச் சக்தி போதிய அளவு உருவாவதில்லை, அந்த ஆன்டிபாடி அளவையும் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி போடலாம்.

14 வயது மகனுக்குப் பள்ளிப் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள். 'எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, நான் ஏன் நிறுத்த வேண்டும்?' என்கிறான். எப்படிப் புரியவைப்பது?

அவன் கேட்பது சரியான கேள்வி. பயமுறுத்தும் பதில் அவனிடம் எடுபடாது. அவனுடைய ரிப்போர்ட்டை அவன் கையிலேயே கொடுங்கள். ஃபெரிட்டின் எவ்வளவு, கடந்த இரண்டு ஆண்டில் உயரம் எவ்வளவு கூடியது, பயாப்ஸியில் என்ன எழுதியிருக்கிறது என்று மருத்துவர் அவனுக்கு நேரடியாக விளக்கட்டும். பெற்றோர் கொஞ்ச நேரம் வெளியே இருந்தால் அவன் மனதிலிருப்பதைச் சொல்வான். பெரும்பாலும் அது நண்பர்களோடு சாப்பிடப் போவது பற்றியதாக இருக்கும்.

எலும்பு அடர்த்தியின் பெரும்பகுதி இந்த வயதில்தான் சேர்கிறது என்பதால் தள்ளிப்போடுவதில் நட்டம் அவனுக்குத்தான், அதை மிகைப்படுத்தாமல் சொல்லலாம். வெளியே சாப்பிடும்போது என்ன கேட்க வேண்டும் என்று இரண்டு வாக்கியம் பழக்கிவிடுங்கள்: 'இதில் கோதுமை மாவு இருக்கிறதா? ஒரே எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறீர்கள்?' ஆறு மாதம் ஒழுங்காக இருந்து பார்த்து, மறுபடி ரத்தம் எடுத்து எண்ணை ஒப்பிடலாம் என்று ஒப்பந்தம் செய்யுங்கள். எண் இறங்குவதைத் தன் கண்ணால் பார்த்த பிள்ளைகள் பலர் பிறகு தாங்களே கவனமாகிவிடுகிறார்கள். பலருக்கு அப்போதுதான் முன்பு இருந்த சோர்வே தெரியவரும். சுவீடனில் பள்ளிப் பரிசோதனையில் கண்டறியப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் உணவுமுறையைத் தொடர்ந்து கடைப்பிடித்தார்கள் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள்.

இவனுக்கு இருப்பதால், 3 வயதுத் தங்கைக்கும் சோதித்தோம். நெகட்டிவ். இனி அவளுக்கு வேண்டாமே?

வேண்டும். ஒருமுறை நெகட்டிவ் என்பது அன்றைய நிலை மட்டுமே. ஆன்டிபாடி எந்த வயதிலும் தோன்றலாம், இத்தாலியில் 2, 6, 10 என்று மூன்று வயதுகளைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். அவளுக்கு ஒருமுறை மரபணு சோதனை செய்துவிடுங்கள். டிகியூ2, டிகியூ8 இரண்டும் இல்லை என்றால் இத்தோடு முடிந்தது. இருந்தால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை டிடிஜி-ஐஜிஏ, நடுவில் அறிகுறி ஏதும் வந்தால் உடனே. வீட்டில் அண்ணனுக்காக எல்லோருமே குளூட்டன் இல்லாத உணவுக்கு மாறியிருந்தால், சோதனைக்கு முந்தைய ஆறு வாரமாவது அவள் வழக்கமான கோதுமை உணவு சாப்பிட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் முடிவை நம்ப முடியாது. நீங்களும் உங்கள் துணைவரும் இன்னும் சோதித்துக்கொள்ளவில்லை என்றால், அவளை அழைத்துப்போகும் அன்றே உங்கள் ரத்தத்தையும் கொடுத்துவிடுங்கள்.